பூகம்பமும் பெட்ரோல் பீதியும்

வெள்ளம், புயல், பூகம்பம் முதலிய இயற்கைக் கோளாறுகளின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் மாண்டோர் தொகையையும் இடிந்த வீடுகளின் தொகையையும் எழுதி முடித்துவிடுவர். அக்கோளாறுக்கு அடுத்த பத்துப் பதினைந்து நாட்களில், ஒரு கல்லும் விழாத ஊர்களில், ஒரு காயமும் படாத ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுதுவோர் மிகச் சிலரே. எனக்கோ அந்தப் பகுதியே அதிகம் படிக்கத் தக்கதாகத் தோன்றுகிறது. இயற்கை செய்ததற்கு நாம் பொறுப்பாளிகள் அல்லோம். ஆனால் அதன்பின் நாம் செய்ததற்கு வேறு யார் பொறுப்பு? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, 2011-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஜப்பான் தேசத்தில் உண்டான பெட்ரோல் பஞ்சத்தின் வரலாற்றைச் சிறிது ஆராயப் புகுகின்றேன்.

அவ்வருஷம் மார்ச்சு 11-ந் தேதி வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2 மணி 46 நிமிஷத்திற்கு, ஜப்பானின் வடகிழக்குக் கடலடியில் 9.0 அளவுள்ள பூகம்பம் உண்டாயிற்று. அரைமணி முக்கால்மணி நேரத்திற்குள் கடல் பொங்கி இவாத்தே, மியாகி, புக்குஷிமா என்னும் மூன்று மாகாணங்களின் கரையோரத்தை வாரிக்கொண்டு போயிற்று. மாண்டவர் ஏறக்குறைய 15,900 பேர். காணாமற் போனவர் 2,500 பேருக்கு மேல். உயிர் தப்பியவருள், மூன்று தினங்களுக்குப் பின் எடுத்த கணக்கின்படி, சுமார் 4,70,000 பேர் பள்ளிக்கூடங்களிலும் பொதுமண்டபங்களிலும் தஞ்சம் புகுந்திருந்தனர். வடகிழக்கு ஜப்பானில் மார்ச்சு மாதம் குளிர் நீங்கும் மாதமன்று. வானத்திலிருந்து பனி விழுந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. கிழவர்களும் குழந்தைகளும் குளிர் காய வேண்டுமானால் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றே கதி. ஆஸ்பத்திரியில் விளக்கெரிய வேண்டுமானால் டீசல் எஞ்சின் ஓட வேண்டும். காணாமற்போன மகனைத் தேடித் தகப்பன் ஊரூராய்ப் போகவேண்டுமானால் பெட்ரோல் வேண்டும். எண்ணெய் என்பது அங்கே அந்த நாட்களில் சுக வாழ்வின் சாதனமாக இருக்கவில்லை. சோற்றுக்கும் மருந்துக்கும் சமமாக இருந்தது என்பதை வாசகர்கள் முதலில் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அப்படியிருக்க எண்ணெய் எங்கே போயிற்று? அந்தக் காலத்தில் ஜப்பானில் 27 சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தன. நாளொன்றுக்குச் சுமார் 45 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் சக்தி அவற்றிற்கு உண்டு. பூகம்பத்தால் ஆறு ஆலைகள் ஒரே நாளில் நின்றன. 14 லட்சம் பீப்பாய், அதாவது பத்தில் மூன்று பங்கு, போயிற்று. வடகிழக்குப் பிரதேசமாகிய தோஹோக்கு முழுமைக்கும் ஒரே ஆலைதான் உண்டு. அது செண்டாய் துறைமுகத்தை அடுத்தது. அலை அதன்மீது ஏறியது. பின்னர்த் தீயும் பற்றிக்கொண்டது. தலைநகரை அடுத்த சிபா மாகாணத்தில் மற்றோர் ஆலையின் வாயுத் தொட்டிகள் வெடித்து எரிந்தன. அந்தத் தீ பத்து நாட்களுக்குப் பின்னரே முற்றும் அணைந்தது. துறைமுகங்கள் அடைபட்டன, தண்டவாளங்கள் வளைந்தன, எண்ணெய் ஏற்றிச்செல்லும் வண்டிகள் பல கடலோடு போயின. எண்ணெய் மிஞ்சியிருந்த நிலையத்திலும் மின்சாரம் இல்லாமையால் பம்பு ஓடவில்லை. தம் வீடும் இழந்த ஊழியர் சிலர், பூமிக்கடியிலுள்ள தொட்டியிலிருந்து கையாலே சுழற்றி எண்ணெய் இறைத்து, வந்தவர்க்கெல்லாம் பத்துப் பத்து லிட்டராக அளந்து கொடுத்தனர். அவர்கள் பெயரை எந்தச் சரித்திரமும் எழுதப் போவதில்லை.

இதுகாறும் கூறியது மெய்யான பஞ்சம். இனிக் கூறப்போவது பொய்யாகப் பிறந்து மெய்யாக முடிந்த பஞ்சம்.

தோக்கியோ நகரத்திலும் அதனைச் சூழ்ந்த காந்தோ சமவெளியிலும் நிலம் கடுமையாக ஆடியது உண்மையே; எனினும் அங்கு வாழ்வு அழிந்துபோகவில்லை. ஆனால் அடுத்த இரண்டொரு தினங்களில், தலைநகரத்துப் பெட்ரோல் நிலையங்களின் முன்னே மோட்டார் வண்டிகள் வரிசை வரிசையாக நிற்கத் தொடங்கின. கடைகளில் அரிசி, ரொட்டி, பாட்டரி, காகிதம் எல்லாம் மறைந்தன. நிலையங்கள் ஒருவருக்கு இருபது லிட்டருக்கு மேல் இல்லையென்றன. பின்னர்க் "கையிருப்பு இல்லை" என்ற பலகையைத் தொங்கவிட்டன. அப்பலகையைக் கண்டவன் அடுத்த நிலையத்திற்கு ஓடினான். அவன் ஓடுவதைக் கண்டவன், தானும் வண்டியை எடுத்துக்கொண்டு அவன் பின்னே ஓடினான்.

அக்காலத்தில் உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் ஜப்பானியரின் பொறுமையை வானளாவப் புகழ்ந்தன. தள்ளுமுள்ளு இல்லை, சண்டை இல்லை, கொள்ளை இல்லை, எல்லோரும் வரிசையில் நின்றனர் என்று எழுதின. அப்புகழ்ச்சிக்கு ஜப்பானியர் பாத்திரரே. ஆனால் ஒழுங்காக வரிசையில் நிற்பது ஒன்று. அந்த வரிசையில் நிற்க நமக்கு அவசியம் உண்டா என்று கேட்டுக்கொள்வது வேறொன்று. முதலாவதில் தோக்கியோ வாசிகள் உலகத்திற்கே ஆசான்கள். இரண்டாவதில் அவர்களும் நம்மைப்போன்றவர்களே.

கணக்கெழுதிப் பிழைக்கும் தொழிலை உடையவன் யான். ஆதலின் இதனைக் கணக்காகவே சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சிற்றூரில் நூறு மோட்டார் வண்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் தொட்டியும் நாற்பது லிட்டர் கொள்ளும். ஒவ்வொரு வண்டியும் வாரத்திற்கு இருபது லிட்டர் செலவழிக்கும். ஆக ஊருக்கு வாரத்திற்கு 2,000 லிட்டர், நாளொன்றுக்குச் சுமார் 285 லிட்டர் தேவை. நிலையத்தார் அதை எண்ணியே எண்ணெய் தருவித்து வருகிறார். இப்பொழுது ஒரு வதந்தி எழுகிறது. நூறு பேரும், பாதித் தொட்டி எண்ணெய் இருக்கையிலேயே, மீதிப் பாதியை நிரப்பிக்கொள்ள ஒரே நாளில் வந்து நிற்கின்றனர். 285 லிட்டர் விற்கவேண்டிய நாளில் 2,000 லிட்டர் வேண்டப்படுகிறது. ஒருவன்கூட ஒரு மைல் அதிகமாக ஓட்டவில்லை. ஒரு சொட்டுக்கூட அதிகமாக எரியவில்லை. நிலையத்தின் தொட்டியிலிருந்து வீட்டு வாசலிலுள்ள தொட்டிக்கு எண்ணெய் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. ஆயினும் அன்று மாலை ஊரில் பெட்ரோல் இல்லை! வதந்தியை நம்பாமல் வீட்டில் இருந்த நூற்றோராவது மனிதன், மறுநாள் பிரசவ வேதனைப்படும் மனைவியை ஏற்றிக்கொண்டு வருவானாயின், நம்பாத குற்றத்திற்கு அவனே தண்டிக்கப்படுகிறான். அமெரிக்க அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் என்பார் 1948-ம் வருஷம் எழுதிய ஒரு கட்டுரையில், பொய்யான நம்பிக்கையே தன்னை மெய்யாக்கிக்கொள்ளும் இவ்விந்தையை, பாங்கிகள் முறிவதை உதாரணமாகக் காட்டி விளக்கியுள்ளார். பாங்கியின் பணத்திற்குச் சொன்னது பம்பின் எண்ணெய்க்கும் அப்படியே பொருந்தும்.

ஜப்பானியருக்கு இது புதிய பாடமுமன்று. 1973-ம் வருஷம் மேற்காசிய யுத்தத்தின் காரணமாக எண்ணெய் விலை உயர்ந்தபொழுது, ஓசாக்காவை அடுத்த சென்ரி என்னும் புதுநகரில் நவம்பர் மாத ஆரம்பத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரு கடையின்முன் கூடினர். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? கழிவறைக் காகிதத்திற்காக! எண்ணெய் குறைந்தால் காகிதம் குறையும் என்று யாரோ சொன்னார்களாம். சில தினங்களில் தேசமெங்கும் காகிதம் மறைந்தது. ஆலைகள் வழக்கம்போல் காகிதம் செய்துகொண்டுதான் இருந்தன. அடுத்த மாதமே ஐச்சி மாகாணத்துத் தொயோக்காவா என்னும் ஊரில், ஒரு பாங்கியில் வேலைக்குச் சேரவிருந்த பள்ளி மாணவியிடம் அவள் தோழியர் ரயிலில் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல், வாய்க்கு வாய் வளர்ந்து, ஒரு வாரத்திற்குள் அந்தப் பாங்கியின் வாசலில் பணம் கேட்டு நிற்கும் பெருங்கூட்டமாயிற்று. போலீசார் அவ்வதந்தியின் வேரை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் அந்த ரயில் பெட்டியில் கண்டுபிடித்தனர். 2011-லும், சிபா ஆலைத் தீயினால் விஷம் மழையோடு சேர்ந்து பெய்யும் என்ற பொய்க் கடிதம் ஒன்று கைத்தொலைபேசிகளின் வழியாகப் பல்லாயிரம் பேருக்குப் பறந்தது. ஆலையாரே மறுப்பு வெளியிட நேர்ந்தது. அனுப்பியோரெல்லாம் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினர். 1923-ம் வருஷத்துக் காந்தோ பூகம்பத்தின்பின் இத்தகைய வதந்தியை நம்பி ஆயிரக்கணக்கான கொரியர்களை வெட்டிக் கொன்றவர்களும், தம் ஊரைக் காப்பதாகவே எண்ணினர் என்பதை நினைக்குங்கால், வதந்தியை வேடிக்கையாகக் கருத மனம் வரவில்லை.

தோக்கியோ வாசிகளைக் குறைகூற யான் யார் என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. 2020-ம் வருஷம் மார்ச்சு 16-ந் தேதி இரவு, மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்ட ஒரு மணி நேரத்திற்குள், யான் தோட்டத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு பட்டணம் சென்றேன். மூன்று மூட்டை அரிசியும், பால்மாவும், தொட்டி நிறையப் பெட்ரோலும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் நாங்கள் நான்கு பேர். மறுநாள் விடியற்காலையில் வெட்டுக்காட்டுக்குப் போய்விட்டு, பிற்பகலில் கடைக்குப் போன பால்வெட்டுப் பெண்களுக்குக் காலியான தட்டுகளே மிஞ்சியிருந்தன. அவர்களுள் ஒரு மூதாட்டி என் ஆபீசு வாசலில் நின்று, "கிராணி ஐயா, அரிசி எப்போ வரும்?" என்று கேட்டார். எப்பொழுது வரும் என்று சொல்லி அனுப்பினேன். எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. மறுநாள் ஒரு மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்பது உண்மையே. ஆனால் அதற்குள் ஒரு இரவு கழிந்துவிட்டது.

இதனை எழுதுவது என் குறையைப் பறைசாற்றிப் புகழ் தேடுவதற்கன்று. பீதியில் முந்திக்கொள்பவர் எவர் என்பதை அன்று யான் கண்கூடாகக் கண்டேன். கையில் ரொக்கமும், வாசலில் வண்டியும், செய்தி உடனே வந்து சேரும் கருவியும் உடையவனே முந்துகிறான். ஏழையின் வீட்டில் பீதி இல்லையென்று சொல்லவில்லை; ஆனால் அவன் பீதியடைந்து வெளியே வருமுன் கடை காலியாகிவிடுகிறது. ஜப்பானிலும் அப்படியே. செய்தி தெளிவாக வந்துகொண்டிருந்த தலைநகரில் வரிசை எழுந்தது. தொலைபேசி அறுந்து, எந்த நிலையம் திறந்திருக்கிறது என்பதைக்கூட அறியமுடியாதிருந்த கடற்கரை ஊர்களில், ஜனங்கள் இரவெல்லாம் பனியில் வண்டிக்குள் விழித்துக்கிடந்தும் பத்து லிட்டர் கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருந்தனர்.

தலைநகரத்தார் பக்கத்திலும் நியாயம் சிறிது உண்டு. அதை மறைப்பது சரித்திரமாகாது. மார்ச்சு 14-ந் தேதி முதல் மின்சாரத்தை வட்டாரம் வட்டாரமாக நிறுத்தினர். ரயில்கள் குறைந்தன. ரயிலை நம்பி வேலைக்குப் போனவர் பலர் அன்று மோட்டார் வண்டியை நாடவேண்டியதாயிற்று. புக்குஷிமா அணுமின் நிலையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்புகள் நிகழ்ந்துகொண்டிருந்தன. ஓட நேருமோ என்ற அச்சத்தோடு தொட்டியை நிரப்பி வைத்த தாய் தந்தையரைப் பேராசைக்காரர் என்று எப்படிச் சொல்வது? சர்க்காரின் பேச்சிலும் பிழை இருந்தது. தேசத்தில் எண்ணெய் போதுமான அளவு இருக்கிறது, பதைபதைக்க வேண்டாம் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். சொன்னது பொய்யன்று. கம்பெனிகள் 70 நாள் கையிருப்பு வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் இருந்தது. சர்க்காரின் சேமிப்பு அதற்கு மேலும் இருந்தது. ஆனால் அச்சேமிப்பு சுத்திகரிக்காத எண்ணெயாக, தொலைதூரத்துத் தொட்டிகளில் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் எண்ணெய் நிறைந்திருந்தது, பம்பிலோ இல்லை. "இருக்கிறது" என்று காதால் கேட்டு "இல்லை" என்று கண்ணால் கண்டவன், அடுத்த தடவை சர்க்கார் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டான். எங்கே இருக்கிறது, எந்த நாள் எந்த ஊருக்கு வரும் என்று சொல்லியிருந்தால் வரிசை பாதியாகக் குறைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இருந்தபோதிலும், தோக்கியோவில் நிரப்பப்பட்ட தொட்டிகளின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். அணுமின் நிலையத்திற்கு வடக்கே மினாமிசோமா என்னும் நகரம் உண்டு. அதன் ஒரு பகுதி, வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி ஆணையிடப்பட்ட வட்டத்துக்குள் அமைந்திருந்தது. கதிர்வீச்சுக்கு அஞ்சிச் சரக்கு வண்டிகள் அந்நகருக்கு வர மறுத்தன. உணவு வரவில்லை; எண்ணெயும் வரவில்லை. ஊரை விட்டுப் போகலாம் என்றாலோ, போவதற்குப் பெட்ரோல் இல்லை. மார்ச்சு மாதக் கடைசியில் நகரத் தலைவர் சாக்குராய் கத்சுனோபு, காமிராவின்முன் உட்கார்ந்து, தம் ஜனங்கள் முற்றுகையிடப்பட்டவர்போல் பட்டினியில் வாடுகின்றனர் என்று உலகத்தாருக்கு முறையிட்டார். அம்முறையீட்டை இன்று பார்ப்போருக்கும் கண் கலங்காமலிராது. அலங்காரப் பேச்சு ஒன்றுமில்லை. இல்லாத பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

சர்க்கார் கடைசியில் விழித்துக்கொண்டது. கையிருப்புச் சட்டத்தை மார்ச்சு 14-ந் தேதி மூன்று நாளும், 21-ந் தேதி மேலும் இருபத்திரண்டு நாளும் தளர்த்தி, 70 நாளை 45 நாளாக்கினர். 17-ந் தேதி வர்த்தக அமைச்சர் கையெதா ஒரு திட்டத்தை வெளியிட்டார். தோஹோக்குவுக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 3 கோடி 80 லட்சம் லிட்டர். மேற்கு ஜப்பானின் ஆலைகளை முழு வேகத்தில் ஓட்டி, அவற்றிலிருந்து தினம் 2 கோடி லிட்டர் கிழக்கே அனுப்புவது. மேற்கிலிருந்து சுமார் 300 எண்ணெய் வண்டிகளைக் கொண்டுவருவது. அவசர வண்டிகளுக்கென்று நிலையங்களை ஒதுக்குவது. அத்தோடு, அவசியமில்லாமல் வாங்காதீர்கள் என்று ஜனங்களுக்கு வேண்டுகோளும் விடுத்தார். மார்ச்சு 21-ந் தேதி ஷியோகாமா துறைமுகத்தில் முதல் எண்ணெய்க் கப்பல் நுழைந்தது.

ரயில்வேக்காரர் செய்ததை இங்கே சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். நேர்ப்பாதை அழிந்துபோனதால், யோக்கோஹாமாவிலுள்ள நெகிஷி ஆலையிலிருந்து 18-ந் தேதி புறப்பட்ட எண்ணெய் ரயில், தேசத்தின் மறுபக்கத்துக் கடற்கரையை அடைந்து, நீகாத்தா, அகித்தா, அவோமோரி வழியாக ஒரு பெரும் வளையம் சுற்றி மறுநாள் மொரியோக்காவை அடைந்தது. புக்குஷிமா மாகாணத்துக் கோரியாமாவுக்கு அவ்வழியும் உதவாது. அதற்கு மலைகளை ஊடறுத்துச் செல்லும் பனெத்சு மேற்குப்பாதை ஒன்றே உண்டு. அப்பாதையின் ஒரு பகுதிக்கு மின்சாரக் கம்பி கிடையாது. சரக்கு ரயில் அங்கே ஓடி வருஷங்களாகியிருந்தன. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் பழைய டீசல் எஞ்சின்களைத் திரட்டினர். அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்தனர். ஒரு ரயிலுக்கு இரண்டு எஞ்சின், பத்து வாகனம், ஆறு லட்சம் லிட்டர். முதல் ரயில் இரவில் பனி மூடிய ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நின்றுவிட்டது. பின்னாலிருந்து வேறோர் எஞ்சின் வந்து தள்ளியது. சில மணி நேரம் தாமதமாக, மார்ச்சு 26-ந் தேதி காலை, அது கோரியாமா சேர்ந்தது.

ஆறு லட்சம் லிட்டரை இருபது லிட்டரால் வகுத்தால் முப்பதாயிரம். அதாவது, பாதித் தொட்டியோடு வரிசைக்கு வந்த முப்பதாயிரம் வண்டிகள் நிரப்பிக்கொண்டு போனது, அந்த மலையேறி வந்த ரயிலின் சுமை முழுவதும். தோக்கியோப் பெருநகர்ப் பிரதேசத்தில் அன்று வாழ்ந்தவர் மூன்றரைக் கோடிப் பேர். அவர்களுள் அந்த முப்பதாயிரம் பேர் யாரென்று ஒருவராலும் சொல்லமுடியாது, அவர்களாலேயே சொல்லமுடியாது. வண்டிகளும் சாலையும் குறைந்திருந்த நிலையில், அவர்கள் விட்டுக்கொடுத்த எண்ணெய் முழுதும் கோரியாமாவுக்குப் போயிருக்கும் என்றும் யான் சாதிக்கவில்லை. ஆனால் தலைநகரத்து நிலையங்களை மீண்டும் மீண்டும் நிரப்ப ஓடிய எண்ணெய் வண்டிகளில் சிலவாவது வடக்கே திரும்பியிருக்கக்கூடும்.

பின்னர் ஜப்பானியர் செய்த சீர்திருத்தங்களுள் சட்டங்களைப் பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. 2012-ல் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்துக் காலத்தில் கம்பெனிகள் ஒன்றுகூடி எண்ணெய் வழங்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதிவைக்கச் செய்தனர். சுத்திகரித்த எண்ணெயையும் சேமிக்கத் தொடங்கினர். மின்சாரம் நின்றாலும் ஓடக்கூடிய எஞ்சின்களைப் பல நிலையங்களில் அமைத்தனர். எனக்கு இவற்றினும் சுவையாகத் தோன்றுவது பெட்ரோல் வியாபாரிகளின் சங்கம் பின்னாளில் ஆரம்பித்த ஓர் இயக்கம். தொட்டி பாதி குறைந்தவுடன் நிரப்பிவிடுங்கள்; மண்ணெண்ணெய் ஒரு டின் அதிகமாக வீட்டில் வையுங்கள் என்று சாதாரண நாட்களில் ஜனங்களுக்குச் சொல்லுகிறார்கள். 2011 மார்ச்சில் எதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சினார்களோ, அதையே செய்யுங்கள் என்கிறார்கள்! முரண்போலத் தோன்றினாலும் கணக்கு சரியாகவே இருக்கிறது. நூறு வண்டிக்காரரும் வெவ்வேறு நாட்களில் வந்து நிரப்புகின்றனர். நிலையத்தார் அதற்கேற்பத் தருவிக்கிறார். நிலம் நடுங்கும் நாளில் வரிசைக்கு ஓடவேண்டியவர் தொகை குறைகிறது. வியாபாரிகளுக்கு இதில் லாபமும் உண்டு என்று சிலர் நகைக்கலாம். லாபம் இருந்தால் என்ன?

செண்டாய் ஆலையைச் செப்பனிட ஒரு வருஷம் பிடித்தது. 2012-ம் வருஷம் மார்ச்சு மாதம் அது மறுபடியும் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கிற்று.